செத்தவனுக்கு யார் வக்கீல்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த கையோடு, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜூரி கூடிற்று. யாரும் அழைத்துக் கூடியதல்ல. டெலிவிஷனில் 'ருஸ்தம்' என்ற ஹிந்திப் படம் ஓடி முடிந்தது. 2016-இல் வந்த படம். மனைவியின் சிநேகிதனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரியின் கதை. படம் முடிந்த பிறகும், பார்த்துக்கொண்டிருந்த ஏழு பேரும் எழுந்து போகாமல் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"சுட்டது சரிதான்" என்றார் மாப்பிள்ளை. "பாவம், வேறு என்னதான் செய்வார்?" என்றாள் என் பெண். பேத்தி ஒருத்தி, "அவர் ஹீரோ இல்லையா, தாத்தா? அவரை எப்படி ஜெயிலில் போட முடியும்?" என்று கேட்டு, மற்றவர்கள் சுற்றி வளைத்துச் சொன்னதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். ஆறு பேர் ஒரு பக்கம் சேர்ந்தாகிவிட்டது.

ஏழாவது ஆள் என் அக்கா. எண்பதைத் தாண்டியவள். ஹிந்தி தெரியாது, பேத்தி அவ்வப்போது சொன்ன அர்த்தத்தை வைத்துக்கொண்டு படம் பார்த்தவள். அவள் சரி, தப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. "அது கிடக்கட்டும்டா. செத்துப்போனானே, அவன் கூடப்பிறந்தவள் ஒருத்தி வந்தாளே, அவளை ஒரு நிமிஷம் நன்றாக அழக்கூட விடவில்லையே! கையிலே சிகரெட்டைக் கொடுத்து உட்கார்த்தி வைத்துவிட்டார்களே!" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எந்தப் பக்கம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று ஆறோடு ஏழாகத்தான் நின்றிருப்பேன். ஆனால் அக்காவின் பேச்சு மனத்தை விட்டுப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யோசித்ததன் பலன்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் படத்துக்கு மூலமான வழக்கைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பம்பாயில் 1959-இல் நடந்த நானாவதி வழக்கு. கதையைப் படத்திலிருந்து தெரிந்துகொள்வதை விட்டுவிட்டு, 1961-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் எப்போதாவது ஒரு கொலை வழக்கின் தீர்ப்பை முழுசாகப் படிப்பது நல்லது. நாம் நாலு அத்தியாயம் எழுதி நிலைநாட்டுகிற சங்கதியை, ஜட்ஜ் ஒரு கடிகாரத்தையும் ஒரு துண்டையும் வைத்துக்கொண்டு சந்தேகப்பட்டுவிடுகிறார்.

விவரம் இது. கமாண்டர் காவாஸ் நானாவதி 'மைசூர்' என்ற போர்க் கப்பலில் இரண்டாவது ஸ்தானத்தில் இருந்த அதிகாரி. பார்ஸி. 1949-இல் இங்கிலாந்தில் ஓர் ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டார். மூன்று குழந்தைகள். உத்தியோகம் கப்பலில்; மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்திருக்க வேண்டியவர். பிரேம் அகூஜா என்பவர் மோட்டார் கார் வியாபாரி, கல்யாணமாகாதவர், முப்பத்து நாலு வயது. சகோதரியோடு ஒரு பிளாட்டில் வசித்து வந்தார். இரண்டு வீட்டாருக்கும் பழக்கம் ஏற்பட்டது. கணவர் இல்லாத நாட்களில் அது வேறு விதமாக வளர்ந்தது.

1959 ஏப்ரல் 27-ஆந் தேதி காலையில் கணவனும் மனைவியும் நோய்ப்பட்ட நாய்க்கு மருந்து வாங்கப் போனார்கள். சினிமாவுக்கு டிக்கட் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கேட்டார், அவள் ஒப்புக்கொண்டாள். நாய் மருந்தும் சினிமா டிக்கட்டும் இருக்கிற வீட்டில்தான் இடி விழுகிறது என்பதை எந்த நாவலாசிரியனும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது.

அதற்குப் பிறகு நடந்தவைதான் முக்கியம். நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் காரில் அழைத்துக்கொண்டு போய்ச் சினிமாக் கொட்டகையில் விட்டார். ஆறு மணிக்கு வந்து அழைத்துப் போவதாகச் சொன்னார். கப்பலுக்குப் போனார். இரவில் தனியாக அகமத் நகருக்குக் கார் ஓட்டிப் போகப் போவதாகக் காரணம் சொல்லி, ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கிக்கொண்டார். அதைப் பழுப்புக் காகித உறை ஒன்றில் போட்டுக்கொண்டார். அகூஜாவின் கம்பெனிக்குப் போனார், ஆள் இல்லை. பிளாட்டுக்குப் போனார். வேலைக்காரன் கதவைத் திறந்தான். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்றிருந்த அகூஜா, சற்று நேரத்துக்கெல்லாம் குண்டு பட்டுக் கிடந்தார். நானாவதி வெளியே வந்து, கடற்படைப் போலீஸ் அதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, துணைப் போலீஸ் கமிஷனர் லோபோவிடம் போய்ச் சரணடைந்தார்.

அறைக்குள் நடந்ததை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். இன்னொருவர் சொன்னதுதான் கதை.

அவர் சொன்னது இது: "இவளைக் கல்யாணம் செய்துகொண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாயா?" என்று கேட்டேன். "பழகுகிற பெண்களையெல்லாம் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா?" என்கிற பாவனையில் பதில் வந்தது. உறையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, உதைக்கப் போவதாக மிரட்டினேன். அவன் உறையை எடுக்கப் பாய்ந்தான். நான் முந்திக்கொண்டேன். இருவரும் கட்டிப் புரண்டோம். துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது.

அந்தப் பதிலை அகூஜா சொன்னாரோ இல்லையோ, இந்த வழக்கைப் பற்றி வேறு ஒன்றும் தெரியாதவர்களுக்குக்கூட அது தெரிந்திருக்கிறது. ஒரு மனிதன் வாழ்ந்த முப்பத்து நாலு வருஷத்தில் உலகத்துக்கு மிச்சமானது அந்த ஒரு வாக்கியம். அதுவும் அவன் சொன்னதாக, அவனைச் சுட்டவர் சொன்ன வாக்கியம்.

இனிக் கோர்ட்டுக்கு வருவோம். கோர்ட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே இன்னொரு விசாரணை நடந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இந்த வழக்கைப் பற்றிப் பேச முடியாது.

கொலை வழக்கு என்றால் அந்தக் காலத்து முறைப்படி முதலில் மாஜிஸ்திரேட்டிடம் போகும். அவர் சாட்சிகளை விசாரித்து, முகாந்தரம் இருந்தால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஒப்படைப்பார். வழக்கு இப்படிப் படியேறிக்கொண்டிருந்தபோதே பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டன. முக்கியமாக, கராஞ்சியா நடத்திய 'பிளிட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை. நாலணாப் பத்திரிகை இரண்டு ரூபாய் வரை விலை போயிற்று என்கிறார்கள். அந்தப் பத்திரிகை கட்சி எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் நாட்டைக் காக்கும் வீரன், ஏமாற்றப்பட்ட கணவன். மறு பக்கம் பணம், மோட்டார் கார், சல்லாபம். தெருவில் 'நானாவதி ரிவால்வர்' என்று பொம்மைத் துப்பாக்கியும், 'அகூஜா துண்டு' என்று துண்டும் விற்றார்களாம். விசாரணைக் காலத்தில் நானாவதி சிறைச்சாலையில் அல்ல, கடற்படைக் காவலில் இருந்தார். கோர்ட்டுக்கு வெள்ளை உடுப்பும் மெடல்களுமாக வந்தார். கூட்டம் அலைமோதிற்று.

இதையெல்லாம் பத்திரிகை தர்மம், அதர்மம் என்ற கணக்கில் சேர்த்துவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளக் கூடாது. 'பிளிட்ஸ்' செய்தது என்ன? கொலையை ஒரு தொடர்கதையாக எழுதிற்று. நாங்கள் தொடர்கதையில் கையாளுகிற முறைகளைத்தான் அது கையாண்டது. வாரா வாரம் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திற்று. யாரிடம் இரக்கம் பிறக்க வேண்டும், யாரைக் கண்டு பல்லைக் கடிக்க வேண்டும் என்பதை வாசகனுக்குச் சொல்லாமலே சொல்லிற்று. வாசகன் அப்படித்தான் படிக்கப் பழகியிருந்தான். பழக்கியவர்கள் யார்? நாங்கள்தான்.

1959 செப்டம்பரில் செஷன்ஸ் ஜட்ஜ் மேத்தா முன்னிலையில் வழக்கு தொடங்கிற்று. ஜூரர்கள் ஒன்பது பேர். எதிரியின் தரப்பில் கார்ல் கண்டாலவாலா ஆஜரானார். பெரிய வக்கீல்; இந்திய ஓவியத்தையும் சிற்பத்தையும் பற்றிப் புத்தகங்கள் எழுதிய கலை விமர்சகருங்கூட. எந்த இடத்தில் வெளிச்சம் விழவேண்டும், எதை நிழலில் விட்டுவிட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் வெளிச்சம் போட்ட இடம், கைகலப்பு. நிழலில் விடப் பார்த்தது, அதற்கு முந்திய மூன்று மணி நேரம்.

அரசுத் தரப்பு அந்த நிழலைத்தான் கிளறிற்று. வீட்டிலிருந்து ஒன்றரை மணிக்குப் புறப்பட்டவர், நாலு மணி இருபது நிமிஷத்துக்குச் சுட்டிருக்கிறார். நடுவில் சினிமாக் கொட்டகை, கப்பல், பொய்க் காரணம், ஆறு தோட்டா, கம்பெனி, பிளாட். ஆத்திரத்தில் கண் மறைந்தவர் இத்தனை படிகளை வரிசையாக ஏறுவாரா? அறைக்குள் எல்லாம் நடந்து முடிய ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை என்பது சாட்சியம். கையிலும் மார்பிலும் தலையிலும் காயம். போலீஸ் ஸ்டேஷனில் தம் பெயரைத் தப்பாக எழுதியதைக் கவனித்துத் திருத்தியிருக்கிறார். அறிவு கலங்கினவர் எழுத்துப் பிழை பார்ப்பாரா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் துண்டு. இரண்டு பேர் துப்பாக்கிக்காகக் கட்டிப் புரண்டிருந்தால், இடுப்பில் சுற்றிய துண்டு அவிழ்ந்திருக்க வேண்டாமா? அது அவிழவில்லை. செத்துக் கிடந்தபோதும் சுற்றினபடியே இருந்தது.

இந்த வழக்கில் செத்தவருக்காகப் பேசியது அந்தத் துண்டு ஒன்றுதான். அதையும் தெருவில் கூவி விற்றுச் சிரித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கோர்ட்டுக்குள் நானாவதி தரப்பில் சொன்னது, துப்பாக்கி தானாக வெடித்தது என்று. அதாவது, அவர் கொல்ல நினைக்கவே இல்லை. கோர்ட்டுக்கு வெளியே ஜனங்கள் அவரைக் கொண்டாடியதோ, மானத்தைக் காக்கச் சுட்டார் என்று. அதாவது, கொல்ல நினைத்தார், கொன்றார், நல்லதே செய்தார். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? தானாக வெடித்திருந்தால் அதில் வீரம் எங்கே? வீரமாகச் சுட்டிருந்தால் தற்செயல் எங்கே? ஓர் அரைமணி நேரம் உட்கார்ந்து யோசித்தால் எந்த வாசகனுக்கும் இந்த முரண் தெரிந்துவிடும். ஆனால் கதை நம்மை யோசிக்க உட்கார வைப்பதில்லை, அழைத்துக்கொண்டு ஓடுகிறது. வெளியில் கேட்ட கதையால் அவர்மேல் அன்பு வைத்து, உள்ளே கேட்ட கதையைக் காரணம் காட்டி விடுதலை செய்வது மனித மனத்துக்கு எவ்வளவு சுலபம்!

அக்டோபர் 21-ஆந் தேதி ஜூரர்களில் எட்டுப் பேர் 'குற்றவாளி அல்ல' என்றார்கள். ஒருவர் மறுத்தார். அந்த ஒருவர் யாரோ, என்ன நினைத்தாரோ! எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறுக்கு ஒன்று. பம்பாயில் எட்டுக்கு ஒன்று.

அந்த எட்டுப் பேரை முட்டாள்கள் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. ஜூரிக்கு ஜட்ஜ் சட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியது முறை. அந்த விளக்கத்திலேயே கோளாறுகள் இருந்தன என்று பின்னால் ஹைகோர்ட்டு சொல்லிற்று. 'தற்செயல்' என்று சொல்கிறவர்தான் அதை நிலைநாட்டியாக வேண்டும் என்பதை ஜூரர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. சுட்டுவிட்டு வெளியே வந்தவர் வாசல் காவற்காரனிடம் சொன்ன வார்த்தைகளில் தற்செயல் என்ற பேச்சே இல்லை. அதன் முக்கியத்தையும் எடுத்துச் சொல்லவில்லை. ஆக, சட்டம் தெளிவில்லாமலும் கதை மிகத் தெளிவாகவும் வந்து சேர்ந்த இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாமாக இருந்தாலும் கதையைத்தான் பிடித்துக்கொண்டிருப்போம்.

ஜட்ஜ் மேத்தா அந்த முடிவை ஏற்கவில்லை. நியாயமாக யோசிக்கிறவர்கள் இப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது என்று கருதி, வழக்கை ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். இரண்டு ஜட்ஜுகள் விசாரித்து, 1960 மார்ச்சு 11-இல், கொலைக் குற்றம் என்று ஆயுள் தண்டனை விதித்தார்கள். அன்றைக்கே, அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்துக் கவர்னர் ஓர் உத்தரவு போட்டார். கவர்னரின் அதிகாரம் எதுவரை, கோர்ட்டின் அதிகாரம் எதுவரை என்று அதன்மேல் தனியாக ஒரு விவகாரம் சுப்ரீம் கோர்ட்டில் நடந்தது. அதை விரித்தால் இந்தக் கட்டுரை போதாது. 1961 நவம்பர் 24-இல் சுப்ரீம் கோர்ட்டு அப்பீலைத் தள்ளிற்று. தீர்ப்பை எழுதியவர் ஜஸ்டிஸ் சுப்பா ராவ். மனைவி சொன்ன வார்த்தை கேட்டுக் கணவன் நிலைகுலைந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒன்றரைக்கும் நாலு இருபதுக்கும் நடுவே தன்னை அடக்கிக்கொள்ள வேண்டிய அவகாசம் அவருக்கு இருந்தது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கினால்தான் இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்தது என்று பலர் சொல்வதுண்டு. அது பாதிக் கதை. ஜூரி வேண்டாம் என்று சட்டக் கமிஷன் 1958-லேயே, அதாவது அகூஜா உயிரோடு இருந்தபோதே, சிபாரிசு செய்துவிட்டது. 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் அது அடியோடு போயிற்று. ஆனால் 'ஒரே வழக்கில் ஒழிந்தது' என்று சொன்னால் கதை அழகாக இருக்கிறது. ஆகையால் அப்படியே சொல்லி வருகிறோம்.

சட்டம் ஜூரியை ஒழித்துவிட்டது. கதை ஒழிக்கவில்லை. அந்த எட்டுப் பேரின் முடிவைத்தான் சினிமா திரும்பத் திரும்ப எழுதி வந்திருக்கிறது. 1963-இல் 'யே ராஸ்தே ஹை(ன்) பியார் கே' வந்தது. பாத்திரங்கள் எல்லாம் கற்பனையே என்று தலைப்பில் சத்தியம் செய்துவிட்டு, வழக்கின் முடிவைத் தன் இஷ்டப்படி மாற்றிக்கொண்டது. 1973-இல் குல்ஸார் 'அசானக்' எடுத்தார். பாட்டே இல்லாத படம். ராணுவத்து மேஜர் ஒருவன் மனைவியையும் சிநேகிதனையும் கொன்றுவிடுகிறான். தூக்குக்குப் போக வேண்டியவனை டாக்டர்கள் பாடுபட்டுப் பிழைக்க வைக்கிறார்கள். சாவதற்காக ஒருவனைக் காப்பாற்றுவது என்ன நியாயம் என்ற கேள்வி மனத்தைப் பிடித்து உலுக்கத்தான் செய்கிறது. மூன்றில் நல்ல படம் அதுதான். ஆனால் கேள்வி முழுவதும் கொன்றவனின் உயிரைப் பற்றியது. அந்தக் கதையை எழுதியவர் க்வாஜா அகமத் அப்பாஸ். 'பிளிட்ஸ்' பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை வெகுகாலம் எழுதி வந்தவர்.

'ருஸ்தம்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கதாநாயகன் சுட்டதற்கு மானம் மட்டும் காரணமாக இருந்தால் இந்தக் காலத்து ஜனங்களுக்குப் போதாது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. கப்பல் வாங்குவதில் ஊழல் என்று ஒரு கிளைக்கதையைச் சேர்த்து, செத்தவனைத் தேசத் துரோகத்திலும் மாட்டிவிட்டார்கள். இது என் தொழில் ரகசியம் ஆகையால் தைரியமாகச் சொல்லலாம்: கதையில் ஒருவன் சாக வேண்டுமானால், அவனை முதலில் சாகத் தகுந்தவனாக ஆக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் சுட்டுக்கொள்ளலாம். வாசகன் கண்ணில் ஒரு சொட்டு நீர் வராது. கதைக்காரன் நடத்துகிற முன் விசாரணை அது. அதில் எதிர்த் தரப்பு வக்கீல் கிடையாது.

மனைவியின் கதியும் அப்படித்தான். 'அசானக்'கில் அவளும் கொல்லப்படுகிறாள். ஸல்மான் ருஷ்தி தம் 'நள்ளிரவின் குழந்தைகள்' நாவலில் (1981) இதே வழக்கை வேஷம் மாற்றிக் கொண்டுவந்தபோது, அங்கேயும் கமாண்டர் மனைவியைச் சுடுகிறான். அவள் காயத்தோடு தப்புகிறாள். நிஜத்தில் அந்தப் பெண்ணை யாரும் சுடவில்லை. அவர் கோர்ட்டில் கணவர் பக்கத்துச் சாட்சியாக நின்றார், குழந்தைகளை வளர்த்தார், பிற்பாடு கணவரோடு கனடாவுக்குப் போய்க் குடியேறினார். வாழ்க்கை மன்னித்த இடத்தில் கதைகள் துப்பாக்கியை நீட்டுகின்றன.

ஆனால் ருஷ்தி ஒரு காரியம் செய்திருக்கிறார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். அந்த நாவலில் கமாண்டருக்கு விஷயம் எப்படித் தெரிகிறது? கதை சொல்லுகிற சிறுவனே பத்திரிகைகளிலிருந்து எழுத்துக்களை வெட்டி ஒட்டி ஒரு மொட்டைக் கடிதம் தயாரிக்கிறான். அதைப் படித்துவிட்டுத்தான் கமாண்டர் துப்பாக்கியைத் தேடிப் போகிறான். பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிக் கதை பண்ணுகிறவனுக்கும் அந்த ரத்தத்தில் பங்கு உண்டு என்று நான் அதற்கு அர்த்தம் செய்துகொள்கிறேன். மற்ற யாருக்கும் தோன்றாத குற்ற உணர்ச்சி அது.

நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டிய விஷயமே அல்ல. தமிழில் உள்ள கோர்ட்டுக் காட்சிகளிலெல்லாம் பெரியது எது? பாண்டியன் சபையில் கண்ணகி வழக்குரைத்தது. அங்கே எதிரி ஏற்கெனவே செத்துப்போய்விட்டான், விசாரிக்காமலே கொன்றுவிட்டார்கள். செத்தவனுக்கு வக்கீலாக அவன் மனைவி வருகிறாள். இந்த இடத்தில் எனக்குப் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், அவள் எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்பதுதான். கோவலன் உத்தம புருஷன் என்று அவள் வாதாடவில்லை. அவனால் அவள் பட்ட துன்பம் உலகத்துக்கே தெரியும். அவன் நல்லவனா கெட்டவனா என்பது அங்கே வழக்கே அல்ல. அவன் கள்வன் அல்ல, அவ்வளவுதான். சாட்சியம் ஒரு சிலம்பு. உடைத்துக் காட்டுகிறாள், முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறிக்கிறது. ஒருவனுடைய நடத்தை வேறு, அவன்மேல் சாட்டிய குற்றம் வேறு என்று பிரித்துப் பார்க்க இளங்கோவடிகளுக்குத் தெரிந்திருந்தது. அகூஜாவின் நடத்தை சரியில்லை என்பதற்குச் சாட்சியம் ஏராளம். ஆனால் அன்று கோர்ட்டில் விசாரித்தது அகூஜாவின் நடத்தையை அல்லவே!

ஊராரைச் சொல்லி என்ன? நானும் இதைச் செய்திருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் எழுதிய ஒரு தொடர்கதையில், கதாநாயகியைக் கெடுக்க நினைத்த ஒருவனை நாற்பதாவது அத்தியாயத்தில் பாம்பு கடித்துச் சாகும்படி செய்தேன். சாவதற்கு முந்திய வாரம், அவன் ஒரு பிச்சைக்காரக் கிழவியைக் காலால் எட்டி உதைப்பதாக ஒரு காட்சி எழுதினேன். கதைக்கு அந்தக் காட்சி தேவையே இல்லை. பாம்புக்குத் தேவைப்பட்டது. கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்தன, எல்லாருக்கும் சந்தோஷம். அவனுக்கு ஒரு தாயார் இருந்ததை நானே மறந்துவிட்டேன். மூன்றாவது அத்தியாயத்தில் அவளைப் பற்றி எழுதியிருந்தேன். பிறகு அவள் பேச்சே இல்லை.

வழக்கின் கடைசிப் பகுதி ஒன்று மிச்சம் இருக்கிறது. 1964-இல் மகாராஷ்டிரத்தின் கவர்னர் விஜயலக்ஷ்மி பண்டிட் நானாவதிக்கு மன்னிப்பு அளித்தார். வேறொரு வழக்கில் சிறைப்பட்டிருந்த ஸிந்தி வியாபாரி ஒருவருக்கும் அதோடு மன்னிப்புக் கிடைத்தது. பார்ஸி சமூகத்துக்கும் அகூஜா பிறந்த ஸிந்தி சமூகத்துக்கும் மனத்தாங்கல் வராமல் செய்த ஏற்பாடு அது என்பார்கள். அதில் அரசியல் எவ்வளவோ இருக்கட்டும். அந்த மன்னிப்புக்கு முன்னால் ஒரு காரியம் நடக்க வேண்டியிருந்தது. அகூஜாவின் சகோதரி, நானாவதியை மன்னிப்பதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

துப்பாக்கி வெடித்தபோது அதே பிளாட்டில் இருந்தவர் அவர். கோர்ட்டில் சாட்சி சொன்னவர். தம் சகோதரனைப் பற்றி ஊர் பேசிய பேச்சையெல்லாம் ஐந்து வருஷம் கேட்டவர். தெருவில் துண்டு விற்ற ஊரில் வாழ்ந்தவர். எட்டு ஜூரர்கள் கொடுத்த விடுதலையைக் கோர்ட்டு செல்லாது என்றது. கவர்னர் முதலில் போட்ட உத்தரவும் நிற்கவில்லை. மன்னிக்கிற பாத்தியதை யாருக்கு உண்டோ, அந்த ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகு கதவு திறந்தது. நானாவதி குடும்பம் 1968-இல் கனடாவுக்குப் போயிற்று. 2003-இல் அவர் காலமானார்.

இதைப் படித்த அன்று மாலை அக்காவிடம் போய்ச் சொன்னேன். முற்றத்தில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எழுதிக் கொடுத்துவிட்டாளா?" என்றாள்.

"ஆமாம், அக்கா."

"எப்படிடா மனசு வந்தது அவளுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. அக்கா ஒரு கண்ணி தொடுத்து முடித்துவிட்டு, "அதைப் படத்திலே காட்டலையே, ஏண்டா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. மூன்று படங்களையும் ஒரு தீர்ப்பையும் புரட்டி விமர்சனம் என்று நான் இத்தனை பக்கம் எழுதியிருப்பது, அவள் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டதைத்தான்.